பெட்டி எங்கே, சங்கு யாருக்கு?

"கேமரா வெச்சுக் குடு தம்பின்னா, எவன் மண்டையில எவ்ளோ முடி கொட்டியிருக்குன்னு படம் புடிச்சுக் குடுத்திருக்கியே!"

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி டிபன் கடை வைத்திருக்கும் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டது. ஏழெட்டு வருஷமாயிற்று, இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அன்று சித்ரா பௌர்ணமி. வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் பாதி நடந்து ஓய்ந்த கால்கள் இங்கே வந்துதான் ஒரு டீக்கோ இரண்டு இட்லிக்கோ உட்காரும். அன்றைக்கு அக்கா கடையில் நிற்க இடமில்லை. விடிந்து கணக்குப் பார்த்தால், கல்லாவுக்குக் கீழே வைத்திருந்த பணப்பை இல்லை.

ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பதிவை ஓட்டிப் பார்த்தோம். திரை முழுக்கத் தலைகள். துண்டு கட்டிய தலை, மொட்டைத் தலை, கனகாம்பரம் வைத்த தலை. ஒரு கை கல்லாவுக்குக் கீழே போய் வருவது தெரிந்தது. நீலச் சட்டை என்பதும் தெரிந்தது. முகத்தைப் பெரிதாக்கினால் பிசைந்த மாவு மாதிரி நாலைந்து கட்டங்கள், அவ்வளவுதான். குற்றம் என்னுடையது. கடை மொத்தமும் ஒரே படத்தில் தெரியட்டும் என்று அகலக் கோணக் கேமராவைப் பதினாலடி உயரத்தில் மாட்டியவன் நான்தான்.

எனக்கு இது பிழைப்பு. ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேரில் ஆரம்பித்து, கேபிள் டிவிக்கு வயர் இழுத்து, அங்கிருந்து கேமராவுக்கு வந்தவன். முதலில் வந்த கேமராக்களின் தெளிவை '420 டிவி லைன்' என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். ஏமாற்று வேலைக்குத்தான் நம் ஊரில் அந்த எண். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்களே என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். இன்று சாதாரண தேங்காய்க் கடையிலும் 2 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. ஷட்டருக்கு மேலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும், பக்கத்தில் கேமரா. இரண்டையும் ஒரே நம்பிக்கையோடுதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

வாங்க வருகிறவர்கள் கேட்பது இரண்டு கேள்வி: எத்தனை கேமரா, என்ன விலை? நான் திருப்பிக் கேட்பதும் இரண்டு: பதிவாகிற பெட்டி எங்கே இருக்கும்? ராத்திரி சங்கு ஊதினால் யாருக்குக் கேட்கும்? பலர் முழிப்பார்கள். சிலர், "கேமராக்காரன் கேமராவைப் பத்திப் பேசாம என்னென்னமோ கேக்குறான்" என்று வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

சரி, கேமராவையே முதலில் பார்த்துவிடுவோம். 2 மெகாபிக்சல் என்றால் படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை 'இன்னார்தான்' என்று சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் விழ வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஏற்கெனவே தெரிந்த ஆள் என்றால் 125 போதும். யாரோ நிற்கிறார் என்று மட்டும் தெரிந்தால் போதுமானால் 25. இப்போது 1920-ஐ 250-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் படத்தில் விழுந்தால் முகம் கைவிட்டுப் போகும். கடைகளில் அதிகம் விற்கிற 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 டிகிரி பார்க்கும். பத்தடி தள்ளிப் போனாலே அந்த ஏழரை மீட்டர் நிரம்பிவிடும். 6 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏறத்தாழ இருபத்தைந்து அடி வரைக்கும் முகம் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் பார்வை குறையும்.

ஆகவே கடை முழுக்கப் பார்க்க ஒன்று, முகம் பார்க்க ஒன்று. முகம் பார்க்கிறதை வாசலுக்கோ கல்லாவுக்கோ நேராக, ஏழெட்டு அடி உயரத்தில் வைக்க வேண்டும். அதற்கு மேலே போனால் அக்கா சொன்ன மண்டைதான். பத்துக் கேமரா மாட்டிய கடையிலும் ஒரு முகம் கிடைக்காமல் நான் தேடியிருக்கிறேன். இரண்டே கேமரா வைத்த பூக்கடையில் கண்ணின் மச்சம் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

வெளிச்சம் அடுத்த சங்கதி. அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிறது. பாதையில் மலைப்பக்கம் இருக்கிற கடைகளுக்கு வாசல் மேற்கு பார்த்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் நேராகக் கடைக்குள் பாயும். உள்ளிருந்து வாசலைப் பார்க்கிற கேமராவுக்கு, நுழைகிற ஆள் வெறும் கறுப்பு நிழல். எதிர்வரிசைக் கடைகளுக்கு இந்தத் தொல்லை காலையில், சூரியன் மலை உச்சியைத் தாண்டிய பிறகு. இதற்கென்றே 'டபிள்யூடிஆர்' என்று ஒரு வசதி உண்டு. வெளிச்சத்துக்கு ஒரு படம், இருட்டுக்கு ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். பெட்டியில் '120 டிபி' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'டி-டபிள்யூடிஆர்' என்று இருந்தால் அது கணினிப் பூச்சு வேலை, பெரிய பிரயோஜனமில்லை.

இரவில் கேமராவைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும். காற்றில் வலை ஆட, அதில் ஒளி பட்டுப் படம் முழுக்க வெள்ளை. பெட்டியோ யாரோ நடமாடுகிறார்கள் என்று நினைத்து விடிய விடியப் பதியும். இதற்கு எந்தக் கம்பெனியிடமும் மருந்து கிடையாது. வாரம் ஒரு தரம் ஒட்டடைக்குச்சி எடுங்கள். எங்கள் ஊரில் இன்னொரு கூட்டமும் உண்டு. ராம தூதர்கள். நீளமான புல்லட் கேமராவைக் கண்டால் தொங்கி ஆடிவிட்டுத்தான் மறுவேலை. மறுநாள் பார்த்தால் கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கிரிவலப் பாதையில் நான் உருண்டை வடிவ டோம் கேமராதான் மாட்டுகிறேன், வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு.

இனி பெட்டி. 2023 பிப்ரவரி 12, ஞாயிறு அதிகாலை. திருவண்ணாமலை நகரத்தில் இரண்டு, போளூரில் ஒன்று, கலசபாக்கத்தில் ஒன்று என்று நாலு ஏடிஎம் இயந்திரங்களை ஒரே இரவில் கேஸ் கட்டரால் அறுத்து 72 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே நுழைந்ததும் கேமராக்கள் மேல் பெயிண்ட் ஸ்பிரே அடித்தார்கள். வேலை முடிந்ததும் தீ வைத்துவிட்டுப் போனார்கள். கைரேகையும் போச்சு, கேமராவும் கருகிப் போச்சு. கும்பல் ஹரியானாவைச் சேர்ந்தது என்றும், கர்நாடகத்தில் கோலார் தங்கவயலில் விடுதி எடுத்துத் தங்கியிருந்தது என்றும் பிறகு தெரியவந்தது. தனிப்படைகள் போட்டு, சில நாட்களுக்குள்ளேயே ஹரியானா வரைக்கும் போய் முக்கியமானவர்களைப் பிடித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் தொழிலில் இதே பேச்சுதான். எனக்கு உறைத்தது இதுதான்: சம்பவம் நடந்த அறையின் கேமரா கண்ணிழந்து நின்றது. தடம் காட்டியதில் அவர்கள் போன வழியில் இருந்த கேமராக்களுக்குப் பங்கு உண்டு. எவரோ எதற்கோ மாட்டியவை. அந்த வழியில் பார்த்தால், உங்கள் கடை வாசலில் ரோட்டைப் பார்க்கிற கேமரா உங்களுக்கே பயன்படாமல் போகலாம், அடுத்த தாலுகாக்காரருக்குப் பயன்படலாம்.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே வைத்து, மேலே டிவியும் போட்டுக் காட்டுகிற வேலையே கிடையாது. திருடன் முதலில் தூக்குவது அதைத்தான். எங்கள் ஊரில் பாதிப்பேருக்குக் கடை முன்னால், வீடு பின்னால். பெட்டி வீட்டுக்குள் போகட்டும். தனிக் கடை என்றால் பரணில், இரும்புக் கூண்டுக்குள், பூட்டு போட்டு. வைஃபை கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போட்டு, "எல்லாம் இதுலயே இருக்குங்க" என்று விற்கிறார்கள். கேமராவைப் பிடுங்கினால் சாட்சியையும் சேர்த்தே எடுத்துப் போகலாம், வேலை மிச்சம்.

பெட்டிக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள். விற்கிறவர் "ஒரு மாசம்" என்பார். கணக்கு நாமே போடலாம். புதிய முறையில் சுருக்கிப் பதிகிற 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி தின்னும். நாலு கேமராவுக்கு 86. ஒரு டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழித்து மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். எட்டுக் கேமரா என்றால் ஆறு நாள்கூட இல்லை. "அசைவு இருந்தா மட்டும் பதியுங்க, மிச்சமாகும்" என்பார்கள். ஊருக்குள் அது சரி. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் அசையாத நொடி எது? நாலு கேமராவுக்கு ஒரு மாசம் வேண்டுமென்றால் மூன்று டிபிக்குக் குறையாமல் போடுங்கள். அதுவும் கண்காணிப்புக்கென்றே தயாராகிற டிஸ்க்காக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் கழற்றிய பழசைப் போட்டால், இரவு பகல் எழுதி எழுதி ஒரு கோடையோடு மூச்சை விட்டுவிடும். போலீஸ் நிலையங்களின் கேமராப் பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் திருட்டு போனதே பத்து நாள் கழித்துத்தான் தெரியவரும் என்பதை அரிசி மண்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

இனி சங்கு. கேமரா பார்க்கும், தடுக்காது. தடுக்கிற வேலை அலாரத்துடையது. நம் ஊரில் இதற்குத்தான் யாரும் காசு செலவழிக்க மாட்டேன் என்கிறார்கள். கேமரா போன் திரையில் படம் காட்டும், நாலு பேரிடம் பெருமையாகக் காட்டலாம். அலாரத்தை யாரிடம் காட்டுவது?

திருச்சியில் 2019 அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலை லலிதா ஜுவல்லரியில் புகுந்தவர்கள் ஷட்டரைத் தொடவே இல்லை. சுவரில் துளை போட்டு நுழைந்தார்கள். பொம்மை முகமூடி, கையுறை, போகும்போது மிளகாய்ப் பொடி. சுமார் 13 கோடி ரூபாய் நகை. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, முகமூடியோடு. இரண்டு வருஷம் கழித்து, 2021 டிசம்பரில், நமக்குப் பக்கத்திலேயே வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜோஸ் ஆலுக்காஸ் கடை. அங்கேயும் பின்சுவரில் துளை, முகமூடி, கேமராவுக்கு ஸ்பிரே. 15 கிலோவுக்கு மேல் தங்கம். சில நாட்களில் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்த நகையைப் போலீஸ் தோண்டி எடுத்தது. இரண்டு கடையிலும் சுவர்தான் வாசல். ஷட்டரில் மட்டும் காந்த சென்சார் வைத்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுவரில் உளி விழுந்தால் அதிர்வை உணர்கிற சென்சார் தனியாக இருக்கிறது. அறைக்குள் உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற 'பிஐஆர்' சென்சார் இருக்கிறது. நகைக்கடை, அடகுக்கடைக்கு இரண்டும் வேண்டும்.

பிஐஆரில் ஒரு சூட்சுமம். அது சுற்றுப்புறச் சூட்டுக்கும் மனித உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். தகர ஷீட் போட்ட கடை மூடிக் கிடந்தால் நடு ராத்திரிக்கும் சூடு இறங்காது. உடம்பும் அறையும் ஒரே சூடாக இருந்தால் சென்சாருக்குக் கண் மங்கிவிடும். நான் சொல்வது கம்பெனிக் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும், கடைக்காரர் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட கடைக்கு மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை சென்சார் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பல்லி ஒன்று சென்சாரின் கண்ணாடி மேல் ஊர்ந்தால் வேறு தொல்லை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருக்கிறது, இதற்குப் பலன் போடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சங்கு அலறும், அக்கம்பக்கம் திட்டும், மூன்றாவது நாள் முதலாளி அலாரத்தையே அணைத்து வைத்துவிடுவார். அணைத்துக் கிடந்த அலாரங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கெட்டுப் போனவை கொஞ்சம்.

யாருக்குக் கேட்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். சைரன் கடை வாசலில் ஊதும். கடைக்காரர் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஃபேன் சத்தத்தில் தூங்குவார். ஆகவே சிம் கார்டு போட்ட அலாரப் பெட்டிதான் வாங்க வேண்டும். அது போன் செய்யும், ஐந்தாறு எண்கள் கொடுக்கலாம். முதல் எண் உங்களுடையது. இரண்டாவது, கடைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற, கூப்பிட்டால் எழுந்து வருகிற ஒருவருடையது. அவர் வந்து ஷட்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. லைட்டைப் போட்டுக் குரல் கொடுத்தால் போதும், 100-க்கோ 112-க்கோ போன் போட்டால் போதும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், பத்துக் கடையில் நாலு கடை சிம் செத்துக் கிடக்கிறது. அதே மாதிரி கரண்ட் போனால் கேமராவும் பெட்டியும் இன்வெர்ட்டரில் ஓடும்படி செய்திருப்பார்கள், இன்டர்நெட் மோடத்தை மட்டும் விட்டுவிட்டிருப்பார்கள். படம் பதியும், உங்கள் போனுக்குத் தகவல் வராது.

போன் என்றதும் இன்னொன்று. 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் கேமராப் படங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்து நாடே அதிர்ந்தது. உள்ளே நுழைந்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை. யாரும் மாற்றாமல் விட்ட சுலபமான பாஸ்வேர்டு. 2016-இல் உலகம் முழுக்க இப்படி பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் மோடங்களையும் 'மிராய்' என்ற வைரஸ் பிடித்துப் படையாகத் திரட்டி, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. அதற்குப் பிறகும் நான் போகிற கடைகளில் 'அட்மின்', '12345' தான். மாட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் கிளம்பும்போது, பாஸ்வேர்டை உங்கள் கையால் நீங்களே மாற்றுங்கள். எங்களுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியச் சந்தைக்கு வரும் கேமராக்களுக்கு மத்திய அரசு இணையப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 'எஸ்டிக்யூசி' சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு.

லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். வரவேற்பு மேசை, மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறைக் கதவைத் திறந்தால் உள்ளே தெரிகிற மாதிரி, குளியலறைப் பக்கம் திரும்புகிற மாதிரி எது வைக்கச் சொன்னாலும் நான் மாட்ட மாட்டேன். பெண்களை அந்தரங்கமாகப் படம் பிடிப்பது பாரதிய நியாய சம்ஹிதா 77-ஆம் பிரிவில் சிறைக்குரிய குற்றம். 'கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்று ஒரு பலகை வாசலில் இருக்கட்டும்.

பதிவு கிடைத்துவிட்டது, போலீஸும் வந்துவிட்டது என்றால், பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். நகலாகக் கொடுக்கிற மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பெட்டியில் உள்ள மூலப் பதிவை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாகப் பெட்டியின் கடிகாரம். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் தேதி எங்கோ ஓடிவிடும். பௌர்ணமித் திருட்டு அமாவாசையில் நடந்ததாகப் படம் காட்டினால் எதிர்த் தரப்பு வக்கீல் விடுவாரா?

செலவா? நாலு கேமரா, பெட்டி, டிஸ்க், வயர், கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயைச் சுற்றி வரும், டிஸ்க் பெரிதானால் கூடும். சின்னக் கடைக்கு அலாரம் அதில் பாதி. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அலாரமும் முகம் பார்க்கிற ஒரே ஒரு கேமராவும் போடுங்கள் என்பேன். சிவப்பு விளக்கு மினுக்குகிற டம்மி கேமரா வாங்கி மாட்டுவதைவிட அந்தக் காசில் நல்ல பூட்டு வாங்கலாம்.

அக்கா கடைக் கேமராவை அந்த வாரமே இறக்கி, கல்லாவுக்கு நேரே ஏழடியில் மாட்டினேன், கூலி வாங்கவில்லை. பெட்டி பின்கட்டு வீட்டில் இருக்கிறது. சங்கும் அங்கேதான், மாமா கட்டிலுக்கு மேலே.

கடை வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி ஷட்டரை இறக்குமுன் ஒன்று செய்யுங்கள். பெட்டியைத் திறந்து பத்து நாளைக்கு முந்தைய பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். தேதி சரியா, முகம் தெரிகிறதா? இல்லையென்றால் கேமரா மாட்டியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அது நானாகவே இருந்தாலும் சரி.